சிறு படகில் குடும்பத்தோடு நெடிய ஆற்றுப் பயணம்: முதல் தடவை போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மேல் திறந்த துடுப்புப் படகான கேனோ, பெரும்பாலும் மேல் மூடியிருக்கும் ஒடுங்கிய கயாக், காற்றடைத்த ரப்பர் படகு, சின்ன மோட்டார் மாட்டிய படகு என ஏதாவது ஒன்றில் சில நாளோ சில வாரமோ ஆற்றின் போக்கிலேயே இறங்கிப் போக நினைக்கும் குடும்பங்களுக்கான பக்கம் இது. பெரியவர்களுக்கு அனுபவம் இல்லை, பிள்ளைகளும் கூட வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டுதான் பதில் சொல்லியிருக்கிறேன். பாறையும் நுரையுமாகப் பாயும் மலையாறு வேறு விஷயம். அதற்கு இங்கே பதில் கிடையாது.

எங்கள் வீட்டில் யாருக்கும் படகு ஓட்டத் தெரியாது. இது நடக்கிற காரியமா?

ஆறு மெதுவாக ஓடுவதாக இருந்தால் நடக்கும். துடுப்புப் போடுவது இரண்டு மூன்று நாளில் ஓரளவு கைக்கு வந்துவிடும். எப்போது நிறுத்துவது, எங்கே கரையேறுவது, இன்றைக்குத் தண்ணீரில் இறங்கவே வேண்டாம் என்று எப்போது சொல்வது, இதெல்லாம்தான் வர நாளாகும். முதல் தடவை போகிறவர்களுக்கு இந்த முடிவுகளை முடிந்த மட்டும் கரையிலேயே எடுத்துவிடுவது நல்லது. ஓடும் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, காற்றடிக்க, பிள்ளை அழ, வரைபடத்தைப் பிரித்து யோசிப்பவர் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். கீழே வரும் பதில்களில் முக்கால்வாசி இதைச் சுற்றித்தான் போகும்.

முதலில் பெரியவர்கள் மட்டும் ஒரு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய் வாருங்கள். பிறகு பிள்ளைகளோடு ஓட்டமில்லாத தண்ணீரில் சில முறை, அடுத்து ஆற்றில் ஒரு பகல், அதற்கடுத்து ஓர் இரவு தங்கி வருகிற பயணம். நெடும்பயணம் அதற்குப் பிறகுதான். அந்த ஒற்றை இரவுப் பயணத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கூடாரம் ஒழுகுகிறது, பை பத்தவில்லை, சின்னவனுக்குப் படகில் தூக்கம் வருகிறது என்பதெல்லாம் வீட்டுக்குப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

எல்லோருக்கும் நீச்சல் தெரிந்திருக்க வேண்டுமா?

தெரிந்தால் நல்லது. ஆனால் குளத்தில் பத்துச் சுற்று நீந்துகிறவரும், உடுப்பும் செருப்புமாகக் குளிர்ந்த ஆற்றில் எதிர்பாராமல் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சுக்குத்தான் போராடுவார். 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும் தண்ணீரில் உடம்பு தானாகவே வாய்விட்டு மூச்சை இழுக்கும். வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீர்தான் உள்ளே போகும். அந்த நேரத்தில் தலையை மேலே வைப்பது லைஃப் ஜாக்கெட்தான், நீச்சல் அல்ல.

நீச்சல் தெரியாத பிள்ளை ஒவ்வொருவருக்கும் நீந்தத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்க வேண்டும். இரண்டு பெரியவர், நான்கு சின்னஞ்சிறு பிள்ளைகள் என்றால் கூட இரண்டு பேரைக் கூட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சில வருடம் பொறுங்கள்.

எத்தனை வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போகலாம்?

உடம்பில் சரியாகப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட் கிடைக்காத வயதென்றால் வேண்டாம். அதற்கு மேல் வயதைவிட, சொன்னால் கேட்டு உட்காருகிற பிள்ளையா என்பதுதான் முக்கியம்.

லைஃப் ஜாக்கெட் எப்படித் தேர்ந்தெடுப்பது?

மிதக்கவைக்கும் திறனை நியூட்டன் கணக்கில் அதன் உள்பக்கம் அச்சிட்டிருப்பார்கள். 50 நியூட்டன் என்பது நீந்தத் தெரிந்தவருக்கு உதவியாக இருப்பது. மயங்கிக் கிடப்பவரின் முகத்தை அது மேல்நோக்கித் திருப்பாது. 100 நியூட்டனும் அதற்கு மேலும் உள்ளவை, கழுத்துப் பட்டையோடு, முகம் மேலே வரும்படி திருப்புவதற்காகச் செய்தவை. நீந்தத் தெரிந்து துடுப்புப் போடும் பெரியவர் 50 போட்டுக்கொள்ளலாம், கைக்குத் தடையிருக்காது. நீந்தத் தெரியாத பிள்ளைக்கு 100.

பிள்ளைக்குப் போட்டு எல்லாப் பட்டையையும் இறுக்கியபின், தோள்பட்டை இரண்டையும் பிடித்து அப்படியே மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் ஏறிக் காதை மறைத்தாலோ, தாடை உள்ளே புதைந்தாலோ, அது பெரிசு. கால்களுக்கு நடுவே போகும் பட்டை இருக்க வேண்டும், அது மாட்டியும் இருக்க வேண்டும். பலர் அதைச் சும்மா தொங்கவிட்டுவிடுகிறார்கள். பிறகு இடுப்பளவுத் தண்ணீரில், நீங்கள் பக்கத்தில் நின்று, பிள்ளையை மல்லாக்க மிதக்கவிடுங்கள். முதல் தடவை பிள்ளைகள் கையைக் காலை உதைத்துப் பயப்படும். இரண்டாம் தடவை சிரிக்கும். அந்தப் பயம் பயணத்துக்கு முன்னால் போய்விட வேண்டும்.

‘அடுத்த வருடமும் ஆகுமே’ என்று ஒரு அளவு கூட வாங்குவது உடுப்புக்குச் சரி, இதற்கு ஆகாது. தண்ணீரில் விழுந்தபின் தானாக ஊதிக்கொள்ளும் வகையைச் சின்னப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். பெரியவர்களும் தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் போட்டிருக்க வேண்டும். அப்பா கழற்றி முதுகுக்கு வைத்துக்கொண்டால் பதின்மூன்று வயதுக்காரன் தன்னுடையதை எங்கே வைப்பான் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று: பாதுகாப்பு என்று நினைத்துப் பிள்ளையைப் படகோடு சேர்த்துக் கட்டாதீர்கள். படகு கவிழ்ந்தால் பிள்ளை அதற்கு அடியில் மாட்டிக்கொள்ளும்.

எந்த ஆற்றைத் தேர்ந்தெடுப்பது?

ஆற்றோட்டத்தின் கடினத்தை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கும் சர்வதேச அளவுகோல் ஒன்று உண்டு. உங்களுக்கு ஒன்று போதும்: சிற்றலை, தெளிவான வழி, பெரிய தடை எதுவும் இல்லை. நீளமான பயணத்தின் நடுவே ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் மூன்றாம் தரம் வருகிறது என்றால், அந்த ஒரு கிலோமீட்டரைத் தரைவழியாகக் கடக்க வழியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு ஆறு.

தரத்துக்கு அடுத்தபடி நான் பார்ப்பது கரை. அடிக்கடி இறங்குதுறை இருக்கிறதா, பக்கத்தில் சாலை வருகிறதா, நாளுக்கு ஒரு ஊராவது தட்டுப்படுகிறதா? அழகான ஆறு என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் இந்த மூன்றும் இல்லாத ஆறாக இருக்கும். முதல் பயணத்துக்கு ஊர்கள் நெருங்கி வரும் ஆறே மேல். மருந்து வாங்கலாம், தண்ணீர் பிடிக்கலாம், வேண்டாமென்றால் பேருந்து பிடித்துத் திரும்பலாம்.

படகுக்காரர்கள் அதிகம் போகும் பழைய ஆறுகளில் தூரப் பலகைகள் இருக்கும். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. ஐரோப்பாவின் ரைன் ஆற்றில் எண்கள் கொன்ஸ்டன்ஸ் நகரப் பாலத்தில் தொடங்கிக் கடலை நோக்கி ஏறிக்கொண்டே போகும். டான்யூப் ஆற்றிலோ கடல் முகத்தில் பூஜ்யம், மேலே போகப் போக எண் கூடும். ஆக, டான்யூபில் கீழ்நோக்கி வருகிறவருக்கு எண் குறைந்துகொண்டே வரும். உங்கள் ஆற்றில் எந்த வழக்கம் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். உதவிக்கு அழைக்கும்போது அந்த எண்தான் உங்கள் முகவரி. இடக்கரை, வலக்கரை என்பது எப்போதும் ஆறு போகும் திசையைப் பார்த்து நின்று சொல்வது. எதிர்த்திசையில் போனாலும் அது மாறாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகலாம்?

பிள்ளைகளோடு என்றால் 15 கிலோமீட்டர். நல்ல ஓட்டம் இருந்தால் 20.

தேங்கிய நீரில் பழகாத குடும்பம் மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர்தான் போகும். ஓட்டம் கூட இரண்டு கொடுக்கலாம், எதிர்க்காற்று அதை அப்படியே திருப்பி எடுத்துக்கொள்ளும். காலையில் கூடாரம் மடித்து, சமைத்து, பைகளைக் கட்டிப் படகேற்ற இரண்டு மணி நேரம் பிடிக்கும். முதல் நாட்களில் அதற்கும் மேலே. மாலை வெளிச்சம் இருக்கும்போதே இறங்க வேண்டும். நடுவில் சாப்பாடு, குளியல், கல் பொறுக்கல். கூட்டிக் கழித்தால் உண்மையாகத் துடுப்புப் போடும் நேரம் நாலு மணி நேரம்தான்.

200 கிலோமீட்டர் போக நினைக்கிறீர்கள் என்று வையுங்கள். நாளுக்குப் 15 என்றால் 14 நாள். நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு நாள், அது ஒரு மூன்று. காற்றும் மழையும் பிடித்துக்கொள்ளும் நாட்களுக்கு மூன்று. மொத்தம் 20 நாள். விடுமுறை 14 நாள்தான் என்றால் தூரத்தை 130க்குக் குறையுங்கள், நாளுக்கான அளவைக் கூட்டாதீர்கள்.

வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளப்பதும் வேண்டாம். வளைந்து வளைந்து ஓடும் சமவெளி ஆற்றில் உண்மைத் தூரம் அதைப்போல இரு மடங்குகூட வரும். கரையேற நல்ல இடங்களை எல்லாம் முதலில் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ‘இங்கே தங்குவோம்’ என்று ஒரு புள்ளி, ‘முடியாவிட்டால் இங்கேயே நின்றுவிடுவோம்’ என்று அதற்கு முன்னால் ஒரு புள்ளி. இரண்டாவது புள்ளி இல்லாத நாள் திட்டமிடாத நாள்.

எந்தப் படகு நல்லது?

மேல் திறந்த கேனோ, 16 அல்லது 17 அடி நீளம், இதுதான் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தோதானது. இரண்டு பெரியவர், நடுவில் ஒன்றோ இரண்டோ சின்னப் பிள்ளைகள், மூட்டை முடிச்சு எல்லாம் கொள்ளும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் இரண்டு படகு வேண்டும், படகுக்கொரு பெரியவர். இரண்டு படகு இருந்தால் ஒன்றுக்கு ஆபத்து வரும்போது இன்னொன்று உதவும்.

காற்றடைத்த படகு காருக்குள் அடங்கும், தரையில் தூக்கிப் போவது சுலபம். ஆனால் காற்று அதைக் கண்ட பக்கமெல்லாம் தள்ளும். கயாக்கில் பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் உட்கார வேண்டியிருக்கும். மோட்டார் படகென்றால் எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. ஓட்டுகிறவர் விழுந்தால் இஞ்சினை அணைக்கும் கயிற்றை எப்போதும் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும்.

முதல் பயணத்துக்கு வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள்.

சாமான்களை எப்படி ஏற்றுவது?

கனமானது அடியில், நடுவில். பின்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தால் படகு நேராகப் போகும். எதிர்க்காற்று பலமாக இருந்தால் ஒரு பையை முன்னால் நகர்த்துங்கள். எல்லோரும் ஏறி உட்கார்ந்தபின் தண்ணீருக்கும் படகின் விளிம்புக்கும் நடுவில் குறைந்தது 15 சென்டிமீட்டர் தெரிய வேண்டும். தெரியவில்லையா, சாமான் அதிகம். பைகளைப் படகோடு கட்டுங்கள், ஆனால் காலில் சுற்றிக்கொள்ளும்படி கயிறு எதுவும் தளர்ந்து கிடக்கக் கூடாது.

ஆற்றைப் பார்த்து வழி கண்டுபிடிப்பது எப்படி?

வளைவில் வெளிப்பக்கம் ஆழம், ஓட்டமும் வேகம். உள்பக்கம் மெதுவாக ஓடும், மணல் சேர்ந்திருக்கும். ஓட்டத்தின் பலன் வேண்டுமென்று எல்லோரும் வெளிப்பக்கமே போவார்கள். ஆனால் கரை அரித்து மரம் சாய்வதும் அங்கேதான். கண்ணுக்கு முடிவு தெரியாத வளைவில் உள்பக்கத்தை ஒட்டிப் போங்கள், கரை தட்டினால் இறங்கித் தள்ளிக்கொள்ளலாம்.

தண்ணீரின் மேல் இரண்டு கோடுகள் ஆப்பு வடிவில் சேருவதைப் பார்ப்பீர்கள். கூர்முனை கீழ்த்திசையைக் காட்டினால் இரண்டு தடைகளுக்கு நடுவே வழி இருக்கிறது, அதிலே போகலாம். கூர்முனை உங்களைப் பார்த்தபடி இருந்தால் அந்த முனையில் ஒரு பாறையோ முளையோ இருக்கிறது. பாலத்துத் தூண், பெரிய பாறை இவற்றின் பின்னால் தண்ணீர் திரும்பி மேல்நோக்கி ஓடும். ஓய்வெடுக்க அது நல்ல இடம். ஆனால் ஓட்டத்திலிருந்து அதற்குள் நுழையும் இடத்தில் படகு சட்டென்று ஒரு பக்கம் இழுக்கும். அதைக் கரையோரம் சின்ன அளவில் பழகிப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் இந்த விளையாட்டு பிடிக்கும்.

சின்னத் தடுப்பணைதானே, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மேலிருந்து வருகிறவருக்குத் தடுப்பணை தெரியவே தெரியாது. ஆறு அகன்று, ஓட்டம் குறைந்து, தண்ணீர் கண்ணாடியாகிவிடும். களைத்தவருக்கு அப்பாடா என்றிருக்கும். தூரத்தில் ஆற்றுக்குக் குறுக்கே, வரைகோல் வைத்து இழுத்ததுபோல் ஒரு கோடு. கோட்டுக்கு அப்பால் மரங்களின் மேல்பாதி மட்டும் தெரியும், அடிமரம் தெரியாது. சத்தம் பெரும்பாலும் அணையின் கீழ்ப்பக்கமாகவே போய்விடும். உங்களுக்குக் கேட்கும்போது நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அணைக்குக் கீழே விழும் தண்ணீர் அடிக்குப் போய், மேலெழுந்து, மறுபடி அணையை நோக்கியே திரும்பும். கரைக்குக் கரை இடைவெளியே இல்லாமல் இந்தச் சுழற்சி ஓடும். உள்ளே விழுந்த கட்டை மணிக்கணக்கில் அங்கேயே உருண்டுகொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஆளும் அப்படித்தான். காற்றுக்குமிழி கலந்த தண்ணீர் என்பதால் லைஃப் ஜாக்கெட்டும் வழக்கம்போல் தூக்காது. காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து மாண்ட சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. இதற்கு அணை உயரமாக இருக்க வேண்டியதில்லை, ஒரு மீட்டரே போதும். வெள்ள நேரத்தில் உயரம் இன்னும் குறைவாகத் தெரியும், சுழற்சியோ பலமாகும்.

ஆகவே புறப்படும் முன்பே அணை, தடுப்பணை, மதகு ஒவ்வொன்றையும் வரைபடத்தில் சிவப்பில் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே எந்தக் கரையில், எத்தனை மீட்டருக்கு முன்னால் ஏறப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். அன்று காலையில் அதைப் படகிலுள்ள எல்லோரிடமும், பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். கரையேறி, சாமானையும் படகையும் தூக்கிக்கொண்டு சுற்றிப் போய், அணையின் சுழற்சி முடிந்த இடத்துக்குக் கீழே மறுபடி இறங்குங்கள். அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அன்றைய தூரக் கணக்கில் அந்த ஒரு மணி நேரத்தையும் சேருங்கள்.

விழுந்த மரங்கள் பற்றி ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?

கிளைகளுக்கு நடுவே தண்ணீர் போகும், ஆளும் படகும் போக முடியாது. தண்ணீர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். ஓட்டத்தின் வேகம் இரு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால் மெதுவாகத் தோன்றும் ஆற்றிலும் மாட்டியவரை இழுத்தெடுக்க இரண்டு பேர் போதாது. மரத்தைப் பார்த்த உடனே விலகத் தொடங்குங்கள், நெருங்கியபின் அல்ல. நீந்திக்கொண்டிருக்கும்போது தவிர்க்கவே முடியாமல் மரம் எதிரே வந்துவிட்டால், தலையை முன்னால் வைத்து மரத்தை நோக்கி வேகமாக நீந்தி அதன் மேலே ஏறப் பாருங்கள். அடியில் புகுந்து போகலாம் என்று நினைக்காதீர்கள்.

படகு கவிழ்ந்துவிட்டால்?

முதலில் தலைகளை எண்ணுங்கள், சத்தமாக. ஒவ்வொருவரும் தன் எண்ணைச் சொல்லும்படி முன்பே பழக்கியிருந்தால் இன்னும் நல்லது.

படகைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதன் மேல்திசைப் பக்கமாக. கீழ்ப்பக்கம் இருந்தால் தண்ணீர் நிறைந்த படகுக்கும் பாறைக்கும் நடுவில் நசுங்க நேரிடும். படகு இல்லாமல் அடித்துப் போனால் மல்லாக்கப் படுத்து, கால் விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிய, கால்கள் கீழ்த்திசையைப் பார்க்க மிதந்து, கைகளால் கரைப்பக்கம் தள்ளிக்கொள்ளுங்கள். ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயல வேண்டாம். பாதம் கல்லிடுக்கில் மாட்டினால் தண்ணீர் உடம்பை முன்னால் சாய்த்து அமுக்கிவிடும், இடுப்பளவு ஆழத்திலேயே இப்படி மூழ்கியவர்கள் உண்டு. தண்ணீர் முழங்காலுக்குக் கீழே வந்தபின் நில்லுங்கள்.

குளிர்ந்த தண்ணீருக்கு ஒன்று, பத்து, ஒன்று என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மூச்சைக் கட்டுக்குக் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கும் நேரம் பத்து நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். உறைநிலைக்கு அருகிலுள்ள தண்ணீரை வைத்துப் பெரியவர்களுக்குச் சொன்னது இது. பிள்ளைகள் இன்னும் வேகமாகக் குளிர்ந்துவிடுவார்கள்.

கரையில் இருப்பவர் முதலில் துடுப்பை நீட்ட வேண்டும். எட்டாவிட்டால் கயிறு வீச வேண்டும். குதிப்பது கடைசி. 15 மீட்டருக்குக் குறையாத மிதக்கும் கயிறு, பையில் சுருட்டி வைத்தது, கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். அதை வீசிப் பழகுவதற்கு வீட்டுக்கு வெளியே ஒரு மாலை நேரம் போதும். பைகள் மிதந்து போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மழையும் நீர்மட்டமும்: எப்போது போகக் கூடாது?

ஆறு கலங்கி, கட்டையும் குப்பையுமாக, நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தால் இறங்காதீர்கள். உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பதை நம்பாதீர்கள். 200 கிலோமீட்டர் மேலே பெய்த மழை ஒன்றிரண்டு நாள் கழித்து உங்களிடம் வரும். பல ஆறுகளில் நீர்மட்டமும் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் ஓடுகிறது என்பதும் அன்றாடம் வெளியாகின்றன. பயணத்துக்குச் சில வாரம் முன்பிருந்தே அதைப் பார்த்து வந்தால், எது வழக்கமான எண் என்பது பிடிபட்டுவிடும்.

தங்கும் இடத்தில் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் படுங்கள். இரவில் எழுந்திருக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே மின்னிலைய அணை இருந்தால் மழையே இல்லாமலும் தண்ணீர் சட்டென்று ஏறும். அப்படிப்பட்ட ஆற்றில் நடு மணல்திட்டில் தங்குவது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

காற்று வேறு கதை. அகன்ற ஆறுகளில் பிற்பகலில்தான் பெரும்பாலும் எழும்பும். ஓட்டம் ஒரு திசை, காற்று எதிர்த்திசை என்றால் அலை செங்குத்தாக நிற்கும். விடிந்ததும் புறப்பட்டு மதியத்துக்குள் கரையேறிவிட்டால் இந்தத் தொல்லையில் பாதி இல்லை. இடி கேட்டால் உடனே கரைக்கு. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி தண்ணீர்.

பெரிய சரக்குப் படகுகள் ஓடும் ஆறு என்றால்?

அவற்றால் நிற்க முடியாது, முன்னால் நூற்றுக்கணக்கான மீட்டருக்கு உங்களைப் பார்க்கவும் முடியாது. மிதவைகள் குறித்த ஆழ்வழிக்கு வெளியே, கரையோரமாகப் போங்கள். அலை வந்தால் படகின் முனையை அலைக்கு நேராகத் திருப்புங்கள். பாரம் ஏற்றிய பெரிய படகு கடக்கும்போது கரையோரத் தண்ணீர் முதலில் உள்வாங்கி, பிறகு வேகமாக ஏறி வரும். கரையில் சும்மா இழுத்துப்போட்ட படகு அதிலே போய்விடும், ஓரத்தில் விளையாடும் பிள்ளையையும் அது தட்டிவிடும்.

நீர்ப்பூட்டுகளை, அதாவது படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகளை, எப்படிக் கடப்பது?

பயப்பட ஒன்றுமில்லை. இங்கிலாந்தின் தேம்ஸ் ஆற்றில் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன, குடும்பம் குடும்பமாகக் கடக்கிறார்கள். கயிற்றைச் சுவரின் கொக்கியில் சுற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், முடிச்சுப் போடாதீர்கள். தண்ணீர் இறங்கும்போது முடிச்சுப் போட்ட படகு தொங்கிவிடும். மேல்கதவை ஒட்டி நிற்காதீர்கள், தண்ணீருக்கடியில் அங்கே ஒரு சுவர்த்திட்டு இருக்கும். பெரிய படகுகள் முதலில் போகட்டும்.

பிள்ளைகளுக்குச் சலித்துப்போகாதா?

போகும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கரையேறுங்கள், சலிக்கும் முன்பே. சின்னதாக ஒரு துடுப்புக் கொடுங்கள், அது படகைத் தள்ளாது, ஆனால் கையைக் கட்டிப்போடும். வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் வரைபடத்தையும் தூரப் பலகையையும் ஒப்படைத்துவிடுங்கள். வேலை உண்மையாக இருக்க வேண்டும், பொய்யான வேலையைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடும்.

அழுகிற பிள்ளையைவிட அமைதியாகிவிட்ட பிள்ளையைக் கவனியுங்கள். பெரியவர்கள் துடுப்புப் போடுவதால் சூடாக இருப்பார்கள். நடுவில் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதே காற்றில் குளிரெடுக்கும். பேச்சு குறையும், உதடு நிறம் மாறும், கையிலிருந்த பொம்மை நழுவி விழுந்தாலும் எடுக்காது. அப்போது அடுத்த ஊர்வரை போகலாம் என்று பார்க்காமல் அங்கேயே கரையேறி, ஈர உடுப்பை மாற்றி, இனிப்பாக ஏதாவது சூடாகக் குடிக்கக் கொடுங்கள். வெயில் நாளில் இதற்கு நேர்மாறு. தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் தொப்பிக்கு அடியிலும் புகுந்து சுடும்.

ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?

அப்படியே கூடாது. நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் கிருமிகள் சாகும். 2,000 மீட்டருக்கு மேலான இடங்களில் மூன்று நிமிடம். ஆனால் வயல் மருந்து, ஆலைக் கழிவு, நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு இவையெல்லாம் கொதித்தாலும் போகாது. பச்சைச் சாயம் கரைத்த மாதிரி ஏடு மிதந்தால் குடிப்பது இருக்கட்டும், குளிக்கவும் விடாதீர்கள். ஊர்களைத் தாண்டி ஓடும் ஆற்றில் ஊர்க் குழாயில் பிடித்துக்கொள்வதே நல்லது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் கணக்கு வையுங்கள், வெயிலில் கூடுதலாக. புண்ணோ சிராய்ப்போ இருந்தால் தண்ணீர் புகாமல் மூடிவிடுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக உள்ளே வரலாம்.

இரவில் எங்கே தங்குவது?

அனுமதி இருக்கும் இடத்தில், தண்ணீரிலிருந்து நல்ல உயரத்தில். புல்லிலும் புதரிலும் பழைய வெள்ளம் விட்டுப்போன குப்பைக் கோடு தெரியும், அதற்கு மேலே. படகைக் கவிழ்த்துப் போட்டு மரத்தோடு கட்டுங்கள். கூடாரத்துக்குள் அடுப்பு எரிக்காதீர்கள், மணமே இல்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு சேர்ந்துவிடும். கழிப்பதற்குத் தண்ணீரிலிருந்து 60, 70 மீட்டர் தள்ளி ஒரு சாண் ஆழம் தோண்டி மூடுங்கள்.

என்னென்ன எடுத்துப் போவது?

பட்டியல்கள் நிறையக் கிடைக்கும், அவற்றில் பாதியை விட்டுவிடலாம். விடக் கூடாதவை: ஒரு துடுப்பு கூடுதலாக. தண்ணீர் இறைக்க ஒரு குவளை. ஒவ்வொருவர் ஜாக்கெட்டிலும் ஒரு விசில், மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று பொருள். எல்லோருக்கும் ஒரு செட் காய்ந்த உடுப்பு, தண்ணீர் புகாத பையில், ஆற்றில் இருக்கும்போது தொடவே கூடாதது. கயிறு அறுக்க ஒரு கத்தி. காகித வரைபடம். கைபேசி தண்ணீர் புகாத உறையில், படகில் அல்ல, பெரியவர் ஒருவர் உடம்பில். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு கயிறு.

அனுமதி, உரிமம் ஏதாவது வேண்டுமா?

ஆற்றுக்கு ஆறு மாறும். சில ஆறுகளில் துடுப்புப் படகுக்கே கட்டணம் கட்டிப் பதிய வேண்டும், சில இடங்களில் மோட்டாருக்கு மட்டும். அந்த ஆற்றைப் பராமரிக்கும் அலுவலகத்தில் கேட்கும்போதே எந்த அணை, எந்தப் பூட்டு பழுதுவேலைக்கு மூடியிருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள்.

தொடங்கிய இடத்துக்கு எப்படித் திரும்புவது?

காரை முதலிலேயே முடியும் இடத்தில் நிறுத்திவிட்டு, தொடங்கும் இடத்துக்குப் பேருந்திலோ ரயிலிலோ வாருங்கள். களைத்து, நனைந்து, பசியோடு முடிக்கும் நாளில் வண்டி அங்கேயே நிற்கும்.

யாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்?

கரையில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்: எத்தனை பேர், படகின் நிறம், ஒவ்வொரு நாளும் எங்கே தங்குவது, எத்தனை மணிக்குள் பேசுவீர்கள், பேசாவிட்டால் எப்போது யாரை அழைக்க வேண்டும். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். அது இல்லாவிட்டால் அவர் ‘சிக்னல் இல்லை போல’ என்று காலைவரை காத்திருப்பார்.

கடல்வரைக்கும் போய் முடிக்கலாமா?

ஆசை புரிகிறது, ஊற்றிலிருந்து கடல்வரை என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் பிடிக்காது. ஆனால் கடலேற்றம், அதாவது கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவது, எட்டும் இடத்திலிருந்து அது வேறு தண்ணீர். ஓட்டம் நாளுக்குப் பல முறை திசை மாறும், கரை சேறாகும், காற்றைத் தடுக்க எதுவும் இருக்காது, கப்பல்கள் வேறு. கடலிறங்கும்போது எதிர்க்காற்றும் சேர்ந்தால் சிறு படகு கரைக்கு வரவே முடியாமல் போகலாம். கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணை பார்க்கத் தெரிந்தவர் கூட வராமல் குடும்பத்தோடு அங்கே போகாதீர்கள். கடலேற்றம் எட்டாத கடைசி ஊரில் படகை ஏற்றிவிட்டு, மிச்சத் தூரத்தைப் பேருந்தில் போய்க் கடலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அதையும் பயணத்தில் சேர்த்துத்தான் சொல்வார்கள்.